கையைக் கடிக்கும் பழைய பிஸ்டல்: அரத்தை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, இரண்டு படங்களும் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே தரவில்லை. கடிதத்தின் சுருக்கம் இது.

வயது 57. ராணுவத்தில் நாயப் சுபேதாராக ஓய்வு பெற்றவர். ஏழு ஆண்டாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. கடைசியாக எடுத்த மூன்று மாத சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 8.4. மாமனார் காலமான பிறகு அவருடைய .32 பிஸ்டல் (குழலின் அளவு .32 அங்குலம்) முறைப்படி இவர் லைசென்ஸுக்கு வந்திருக்கிறது. அந்தக் காலத்து இறக்குமதி. சிறியது, ஒல்லியானது, பின்னால் ஹேமர், அதாவது ரவுண்டை வெடிக்க வைக்கும் சுத்தி, வெளியே தெரியும் பழைய பாணி. மாதம் ஒரு ஞாயிறு மதுரை வந்து கிளப் ரேஞ்சில் இருபது ரவுண்டு சுடுகிறார். தினமும் காலையில் வீட்டில் குண்டில்லாத பிஸ்டலை வைத்து, ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை) இழுத்து விசையை அழுத்தி, நூறு தடவை பயிற்சி செய்கிறார்.

இப்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஒரே இடத்தில் இரண்டு முறை கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. மூன்று மாதமாகக் கட்டைவிரல் அடியில் வலி. காலையில் எழுந்தால் மோதிர விரல் மடங்கியபடி நின்று, "டக்" என்ற சத்தத்தோடு நிமிர்கிறது. "எல்லாம் துப்பாக்கியின் உதைதான். லேத் பட்டறையில் கொடுத்து ஹேமரின் மூக்கை அராவிவிடலாமா? தடிமனான கையுறை போடவா? இதை விற்றுவிட்டு, பட்டாளத்தில் பழகிய 9 எம்எம் பிஸ்டலையே வாங்கவா? இல்லை, வயதாகிவிட்டது, விட்டுவிடு என்பீர்களா?" இவைதான் கேள்விகள்.

ஐயா, வணக்கம். நான் கை அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவர். பத்து ஆண்டாக ஞாயிறு காலையில் .22 சுடுகிறவனும்கூட. அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு விதமாகவும் படித்தேன். விட்டுவிடச் சொல்லப் போவதில்லை. ஆனால் "எல்லாம் உதைதான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் கணக்கு தவறுகிறது. உங்கள் கையில் இருப்பது மூன்று தனித்தனித் தொந்தரவுகள். மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. அவற்றில் ஒன்று துப்பாக்கியைத் தொட்டே இராதவர்களுக்கும் வருவது.

முதலில் அந்தக் கிழிசல்

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காயம் இரண்டு கோடாக இருக்கிறது. ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு மெல்லிய இணைகோடுகள், இடையில் தோல் நன்றாகவே இருக்கிறது. ஹேமர் கடித்தால் இப்படி வராது. ஹேமர் பின்னால் சாயும்போது அதன் மூக்குக்கும் பிடியின் மேல்முனைக்கும் நடுவே சதை மாட்டி நசுங்கும்; ஒரே புள்ளியில் ரத்தம் கட்டும், இல்லாவிட்டால் சின்னதாக ரத்தக் கொப்புளம் வரும். இரண்டு கோடு போடுவது ஸ்லைடின் அடிவிளிம்புகள். ரவுண்டு வெடித்ததும் ஸ்லைடு பாய்ந்து பின்னே வருகிறது. உங்கள் இடுக்குச் சதை பிடியின் முனைக்கு மேலே பிதுங்கி நிற்கிறது. விளிம்பு இரண்டும் அதைச் சீவிக்கொண்டு போகின்றன.

அதனால் ஹேமரை அராவி ஒரு பயனும் இல்லை. கோடு அப்படியேதான் விழும். அராவுவதில் இன்னும் இரண்டு ஆபத்து உண்டு. ஹேமரின் எடையும் வடிவமும் மாறினால் ரவுண்டு சரியாக வெடிக்காமல் போகலாம். அதைவிட மோசம், கை தவறி அதன் பிடிப்புப் பள்ளங்கள் தேய்ந்துவிட்டால் விசையைத் தொடாமலே ஹேமர் இறங்கலாம். அப்புறம் சட்டம். துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றி அமைக்கவும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த உரிமம் அவரிடம் இல்லை. அவர் பட்டறையில் உங்கள் பிஸ்டல் ஒரு மணி நேரம் இருந்தாலே சிக்கல் உங்கள் இருவருக்கும்தான்.

பட்டாளத்து 9 எம்எம் பிஸ்டல் கடித்தது நினைவிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த அந்த 1ஏ பிஸ்டல், 1935-இல் பெல்ஜியத்தில் வந்த ஹை-பவர் வடிவத்தின் வழிவந்தது. பிடியின் பின்முனை குட்டை என்பதால் சதைப்பிடிப்புள்ள கையை அதன் ஹேமர் கடிப்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். அமெரிக்க ராணுவத்தின் 1911 பிஸ்டலிலும் இதே புகார் வந்தது. 1920-களில் அதைத் திருத்தியபோது பிடிக்குப் பின்னால் இருக்கும் தகட்டை நீட்டினார்கள். கை மேலே ஏறிக் கடிபடாமல் இருக்கத்தான் அந்த நீட்டல். ஆனால் அந்தப் பழைய நினைவை வைத்து இந்தப் பிஸ்டலையும் எடை போட்டுவிட்டீர்கள். அங்கே கடித்தது ஹேமர், இங்கே சீவுவது ஸ்லைடு.

சரி, என்ன செய்யலாம்? காயம் முழுக்க ஆறி, தோல் பழைய நிறத்துக்கு வரும்வரை இந்தப் பிஸ்டலைச் சுட வேண்டாம். உங்கள் சர்க்கரை அளவுக்கு மூன்று வாரமாவது ஆகும். அதே இடத்தில் மூன்றாவது முறை கிழிந்தால் தழும்பு கெட்டியாகிவிடும். அந்த இடுக்கு விரிந்து கொடுக்காவிட்டால் சட்டை பட்டன் போடுவதுகூடச் சிரமம். மஞ்சளோ காபித்தூளோ வைக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணிக்கட்டு போதும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆகிறது என்று பாருங்கள், தெரியாவிட்டால் போட்டுவிடுங்கள். சுற்றிலும் சிவந்து பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை உள்ள கையில் தொற்று ஒரே ராத்திரியில் உள்ளங்கைக்குள் இறங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இங்கே இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். சுட்டு முடித்ததும் ரேஞ்சுக்கு வெளியே டீக்கடையில் எல்லோரும் வடை சாப்பிடுவது வழக்கம் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். சுட்ட கையில் ஈயத்தூள் ஒட்டியிருக்கும். அது விரலிலிருந்து வடைக்கும் வடையிலிருந்து வாய்க்கும் போகும். குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு உட்காருங்கள். கூட வருகிறவர்களுக்கும் சொல்லுங்கள்.

பிடிக்கும் விதம்

நண்பர் ஒருவர் "இன்னும் கீழே இறக்கிப் பிடி" என்றாராம். கேட்கச் சரி போலத் தோன்றும். ஆனால் கை கீழே போகப் போகக் குழலின் முனை அதிகமாக மேலே தூக்கும், மணிக்கட்டு அதிகமாக வாங்கும். இரண்டாவது ரவுண்டுக்குள் கை தானாகவே மேலே வழுக்கி, பிதுங்கிய சதை திரும்ப ஸ்லைடின் வழியில் நிற்கும். பிடியின் பின்முனைக்கு நேர் கீழே இடுக்கின் நடுப்பகுதி வந்து பொருந்த வேண்டும். அதற்கு மேலே ஒரு நூல்கூடச் சதை தெரியக் கூடாது. வலது கையில் பிடித்தபின் இடது கையால் அந்தச் சதையைக் கீழே இழுத்துவிட்டு, அப்புறம் விரல்களை மூடுங்கள். இடது கைக் கட்டைவிரலை வலது கையின் பின்புறம் குறுக்கே போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த விரல் ஸ்லைடுக்கு நேர் பின்னால் நிற்கும். அடுத்த தையல் அதற்குத்தான்.

தடிமனான கையுறை வேண்டாம். அது கைக்கும் விசைக்கும் உள்ள தூரத்தைக் கூட்டும், விசையின் தொடுஉணர்வைக் குறைக்கும், தளர்ந்த துணி ஹேமரில் சிக்கும். மெல்லிய தோலில், ஆள்காட்டி விரல் திறந்திருக்கும் கையுறை என்றால் பரவாயில்லை. ஆறிய பிறகு முதல் சில தடவை இடுக்கின் மேல் துணிப் பிளாஸ்டர் ஒரு சுற்று ஒட்டிக்கொள்ளுங்கள். வலி போக இது வழியல்ல. தோலுக்குக் கொஞ்ச நாள் காவல், அவ்வளவுதான்.

இரண்டாவது, கட்டைவிரல் அடி

மாதம் இருபது ரவுண்டு, அதாவது இருபது உதை. அதனால் மூன்று மாதம் வலிக்காது. வலிக்கக் காரணம் உங்கள் காலைப் பயிற்சி. நாளுக்கு நூறு என்றால் மாதத்துக்கு மூவாயிரம் முறை ஸ்லைடை இழுக்கிறீர்கள். இரண்டாவது படத்தில் நீங்கள் இழுப்பது தெரிகிறது: கட்டைவிரலும் மடக்கிய ஆள்காட்டி விரலும் மட்டும் கிள்ளிப் பிடித்து, மணிக்கட்டை வளைத்து.

இங்கே .32 பற்றி ஒரு தவறான எண்ணம் பலருக்கு இருக்கிறது. சின்ன ரவுண்டு, அதனால் கைக்கு மெத்தென்று இருக்கும் என்று நினைக்கிறார்கள். 9 எம்எம் குண்டு சுமார் ஏழரை கிராம், .32 குண்டு நாலரை கிராமுக்குச் சற்று மேல். அந்த வகையில் சின்னதுதான். ஆனால் 9 எம்எம் பிஸ்டலில் சுடும் கணத்தில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு, சிறிது தூரம் சேர்ந்தே பின்னே வந்து, அப்புறம்தான் பிரியும். சிறிய .32 பிஸ்டல்களில் பெரும்பாலும் அந்தப் பூட்டு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான் வெடிப்பைத் தாங்குகின்றன. அதனால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், இழுக்கப் பலம் வேண்டும். பிஸ்டலும் எடை குறைவு என்பதால் உதை வெடுக்கென்று கையில் குத்தும். கனமான துப்பாக்கி மெதுவாகத் தள்ளும், இலேசானது சுண்டிவிடும்.

இப்படிக் கிள்ளி இழுக்கும் வேலையால் வரும் வலியை எனக்கு நன்றாகத் தெரியும். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்கள் இதே இடத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். கட்டைவிரல் அடி மூட்டின் தேய்மானமாக இருக்கலாம், மணிக்கட்டோரம் ஓடும் தசைநாரின் உறை வீங்கியதாகவும் இருக்கலாம். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். மணிக்கட்டோரம் சுரீர் என்றால் பெரும்பாலும் தசைநார். ஜாடி மூடி திருகும்போதும் சாவி திருப்பும்போதும் அடியில் வலித்தால் மூட்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன். உறுதியாகச் சொல்ல நேரில் பார்க்க வேண்டும்.

காலைப் பயிற்சியை ஒரு மாதம் நிறுத்துங்கள். மறுபடி தொடங்கும்போது இருபது தடவை போதும். ஸ்லைடை மேலிருந்து முழு உள்ளங்கையால் மூடிப் பிடித்து, முழங்கையை மடக்கி மார்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வலது கையால் பிடியை முன்னே தள்ளுங்கள். இடது கை அப்படியே நிற்கட்டும். வேலையைத் தோள் செய்யும், கட்டைவிரல் தப்பிக்கும். முனை எப்போதும் பத்திரமான பக்கம் பார்க்கட்டும்; உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. மேகசினில் (பிடிக்குள் செருகும் ரவுண்டுக் கூட்டில்) ரவுண்டு திணிப்பதும் அதே மூட்டைத்தான் வதைக்கும். ரேஞ்சில் ஐந்து ஐந்தாகப் போட்டுச் சுட்டால் கடைசி இரண்டு மூன்று ரவுண்டின் விறைப்பு மிச்சம்.

மூன்றாவது, மோதிர விரல்

இதற்குப் பெயரே ட்ரிகர் ஃபிங்கர். பெயரைக் கேட்டதும் துப்பாக்கியால் வந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். விசை இழுத்து விட்டது போல விரல் சுண்டி நிமிர்வதால் அந்தப் பெயர். நீங்கள் விசை அழுத்துவது ஆள்காட்டி விரலால், மாட்டுவது மோதிர விரல். அதிலேயே விடை இருக்கிறது. விரலை மடக்கும் தசைநார் உள்ளங்கையில் ஒரு சின்ன வளையத்துக்குள் ஓடுகிறது. அந்த நார் தடித்தால் வளையத்தில் சிக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். மல்லிகை தொடுக்கிறவர்கள், பரோட்டா மாஸ்டர்கள், ஒரு வேலையும் செய்யாதவர்கள் எல்லோரும் இதோடு வருகிறார்கள். பிடியை இறுக்கிப் பிடிப்பது கொஞ்சம் கூட்டியிருக்கலாம். ஆரம்பம் அங்கே இல்லை.

இரவில் விரலை நிமிர்த்தி வைக்கும் பட்டை ஒரு மாதம் போட்டாலே பலருக்குக் குறையும். குறையாவிட்டால் ஊசி. ஊசியில் ஸ்டீராய்டு இருப்பதால் சில நாள் சர்க்கரை ஏறும். உங்கள் சர்க்கரை மருத்துவருக்குத் தெரியாமல் போட்டுக்கொள்ள வேண்டாம். அதற்கும் அடங்காவிட்டால் அந்த வளையத்தைத் திறந்துவிடும் சிறிய அறுவை, மரத்துப்போக ஊசி போட்டே செய்துவிடலாம்.

கடிதத்தின் கடைசி வரியில், "சில நாள் ராத்திரியில் விரல் மரத்துப் போகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம், சர்க்கரையால் நரம்பு தளர்வதாகவும் இருக்கலாம். விசை மேல் இருக்கும் விரலுக்கு உணர்வு குறைந்தால் அது உங்கள் கையோடு நிற்கிற விஷயம் இல்லை, பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்ந்தது. நரம்புப் பரிசோதனை முடிந்து முடிவு வரும்வரை ரேஞ்சுக்குப் போய் மற்றவர்கள் சுடுவதைப் பாருங்கள், நீங்கள் சுட வேண்டாம்.

வேறு பிஸ்டல் வாங்குவது

பட்டாளத்து 9 எம்எம்மை இப்போது வாங்க முடியாது. ராணுவ 9 எம்எம் ரவுண்டு போடக்கூடிய பிஸ்டல், பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. மத்திய அரசின் சிறப்பு அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. முன்பு பணியில் வைத்திருந்தது அதற்குத் தகுதி ஆகாது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஏற்கெனவே இருக்கிறது; இரண்டாவதைத் தப்பாக வாங்கிவிட்டால் மாற்றுவது எளிதல்ல.

மண்வெட்டிக்குக் காம்பு போடும்போது ஆசாரி நம்மைப் பிடித்துப் பார்க்கச் சொல்வார் இல்லையா? பிஸ்டலையும் அப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். டீலர் கடையில், குண்டில்லை என்று நீங்களே திறந்து பார்த்த பிறகு, முன்கை எலும்பும் குழலும் ஒரே கோட்டில் வரும்படி பிடியுங்கள். ஆள்காட்டி விரல் முதல் கணுவின் பஞ்சுப் பகுதி இழுக்காமல், மடக்காமல் விசையில் உட்கார வேண்டும். விசைக்கூட்டின் அடி நடுவிரல் கணுவில் உரசக் கூடாது. பிடியின் பின்முனை நீண்டு, உங்கள் இடுக்குச் சதையை முழுக்க மூட வேண்டும். உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். பிறகு உள்ளங்கையால் ஸ்லைடைப் பத்துத் தடவை இழுங்கள். பத்தாவதில் கட்டைவிரல் முணுமுணுத்தால் அந்தப் பிஸ்டல் வேண்டாம்.

.32 ரிவால்வர் ஒரு வழி. ஸ்லைடே இல்லை, சீவ ஒன்றுமில்லை, இழுக்கவும் வேண்டாம். ஆனால் ஹேமரை முன்கூட்டி ஏற்றாமல் சுட்டால் விசை மிகக் கடினம், ரவுண்டுகள் இருக்கும் உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சூடான வாயு பீறிடும் என்பதால் இடது கை விரல் அதற்கு முன்னால் போகவே கூடாது. என்னைக் கேட்டால் அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள். நரம்புப் பரிசோதனை நன்றாக வந்தால் மூன்று மாதம் கிளப்பின் .22 பிஸ்டலில் சுடுங்கள். உதை என்று சொல்லும்படி ஒன்றும் இராது, பிடியும் அகலம். மாமனாரின் பிஸ்டலை விற்கத் தேவையில்லை. உரிமம் உள்ள டீலரிடம் காட்டி, பின்முனையைச் சற்று மூடும் அகலமான பிடித்தகடு அந்த மாடலுக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் மாதம் பத்து ரவுண்டு போதும். கிடைக்காவிட்டால் எண்ணெய் போட்டு, பூட்டி வையுங்கள்; அவர் ஞாபகமாக இருக்கட்டும்.

நேரில் வரும்போது சர்க்கரை ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவாருங்கள். வலது கையை ஒரு வெள்ளைத் தாளில் விரித்து வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, இடுக்கின் நடுவிலிருந்து ஆள்காட்டி விரல் பஞ்சு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வாருங்கள். பிஸ்டலிலும் பிடியின் பின்புறத்திலிருந்து விசை வரை அளந்து பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிஸ்டல் வீட்டிலேயே பூட்டில் இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு அந்தத் தாள் மட்டும் வந்தால் போதும்.